திறந்த வீட்டில் தேன்கூட்டு டாஃபி

தேன்கூட்டு டாஃபியில் தேன் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் புரட்டாசி மாதம் முழுவதும் சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தம்பிக்குத் தொண்டை வறண்டு போனது. சர்க்கரைப் பாகு, அதில் கடைசி நொடியில் கொட்டும் ஆப்ப சோடா, அவ்வளவுதான். சோடா விழுந்ததும் பாகு பால் பொங்குவதுபோல் பொங்கி எழும். அதை அப்படியே தட்டில் சாய்த்துத் தொடாமல் ஆறவிட்டால் உள்ளே முழுக்க ஓட்டை ஓட்டையாக இறுகிவிடும். அதை உடைத்து, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுத்து உறையவிட வேண்டும். கடித்தால் நறுக்கென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் அது டாஃபி இல்லை, பிசின்.

அதற்கு ஒரே எதிரி காற்றில் இருக்கும் ஈரம். மூடிய டப்பாவில் வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். திறந்து வைத்தால் முதலில் வேர்க்கும், பிறகு கையில் ஒட்டும், பிறகு பல்லில் ஒட்டும். சாக்லேட் பூசுவது ருசிக்காக மட்டுமல்ல. அது ஈரம் புகாமல் இருக்கப் போடும் சட்டை. ஆகவே இதைச் செய்கிறவனுக்கு இரண்டு விஷயம் வேண்டும்: பாகைக் கிண்டாமல் இருக்கும் பொறுமை, மூடியைத் திறக்காமல் இருக்கும் பொறுமை. இரண்டும் எங்கள் வீட்டில் எக்காலத்திலும் இருந்ததில்லை.

தம்பி இந்த வித்தையைக் கற்றது நியூசிலாந்தில். எங்கள் அப்பாவை நாங்கள் கூப்பிடுவது நைனா என்று; அவர் நகரிக்குப் பக்கத்து கிராமத்தில் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாமல் இருந்து, மாம்பழக்கூழ் ஆலையில் வேலைக்கென்று சித்தூர் வந்தவர். எங்கள் குடும்பத்தில் முதல் பாஸ்போர்ட் தம்பியுடையது. திருப்பதியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தான். அந்தக் காலத்தில் அந்தப் படிப்புக்கு இருந்த ஒரே அர்த்தம் வெளிநாடு. போனான். முதலில் பாத்திரம் கழுவினான், பிறகு கடலோர ஊர் ஒன்றில் மிட்டாய் செய்யும் சிறிய பட்டறையில் சேர்ந்தான். விசாவை நீட்டிக்கவில்லை என்று ஒருநாள் கடிதம் வந்தது. சாக்ஸுக்குள் சுருட்டி வைத்த ஒரு பாகு தெர்மாமீட்டரோடு ஊர் திரும்பினான்.

இதற்குள் எங்கள் தெரு முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத் ஜெராக்ஸ் கடையாகி, ஜெராக்ஸ் கடை விசா ஏஜென்ட் ஆபீஸாகியிருந்தது. பூத்தில் உட்கார்ந்திருந்தவரேதான் ஏஜென்ட்டும். கத்தாரில் தொழிலாளர் முகாம் ஒன்றின் சமையல்கூடத்தில் தம்பிக்கு வேலை இருப்பதாகச் சொன்னார். புரட்டாசி முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். நைனாவுக்கு அது பிடித்திருந்தது.

"ரூமுக்கு ஏசி உண்டாம்பா," என்றார், ஏசி அறையில் தானே படுத்து எழுந்தவரைப்போல.

அம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகவில்லை. போன முறை அவன் போனதிலிருந்து திரும்பி வரும்வரை அவனை அவள் போனில் வரும் வெறும் குரலாக மட்டும்தான் வைத்திருந்தாள். இன்னொரு முறை அது அவளால் முடியாது. அவன் ஊரிலேயே இருக்க வேண்டும். தம்பிக்கும் போக விருப்பமில்லை. ஆனால் ஊரில் இருக்க ஒரு காரணம் வேண்டுமே. வெளிநாட்டுக்குப் போய்வந்தவன் சித்தூரில் சும்மா உட்கார்ந்திருந்தால், தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் "எப்ப கெளம்பற?" என்று கேட்பார்கள். அவன் வந்த வாரத்திலேயே கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

அவனே அலைந்து அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு பேக்கரி. முதலாளி தெலுங்குக்காரர், தமிழும் சரளமாகப் பேசுவார். தம்பி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். புரட்டாசி கடைசி சனிக்கிழமை கூட்டம் நெரியும். அன்று காலை ஒரு தட்டு டாஃபி கொண்டுவந்து தன் கண்ணாடிப் பெட்டியில் வைக்கட்டும். சாயங்காலம் கடையில் விளக்கு ஏற்றும்போது தான் ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். சத்தம் வந்தால் கடையில் ஒரு மூலை தம்பிக்கு. வராவிட்டால் இல்லை.

ஆக, அம்மாவுக்கு மகன் வேண்டுமென்றால் டாஃபி மொறுமொறுப்பாக இருந்தாக வேண்டும். இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது. நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் வேலூர் பதிப்புக்குச் சித்தூர் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். சிக்கலான விஷயத்தை நாலு வரியில் சொல்வதுதான் என் பிழைப்பு. அம்மாவிடம் நாலே வரியில் சொன்னேன். "தெரியும், போடி," என்றாள். பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை ஒழுங்காக எழுத முடியவில்லை.

முதல் ஈடு.

தம்பி அடுப்பில் சர்க்கரையை ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தெர்மாமீட்டர் பாத்திரத்தின் ஓரத்தில் தொங்கியது. அம்மா வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டே உள்ளே பார்த்தாள்.

"இன்னாடா, பாகு அது பாட்டுக்குக் கொதிச்சிக்கினு கீது, நீ வேடிக்க பாத்துக்கினு கீற?"

"கிண்டக்கூடாதும்மா. கிண்டுனா சர்க்கரை மணல் மணலா பூத்துடும்."

"பாகு வெச்சிட்டு கிண்டாதவன ஒலகத்துலயே இப்பதான் பாக்கறேன்."

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மைசூர் பாகுக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். கை ஓயாமல் கிண்டுவதுதான் அவளுடைய பெருமை. பாகைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது, அழும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது மாதிரி அவளுக்கு. தம்பி சோடாவை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினான். திரும்பி வந்தபோது அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். கரண்டி உள்ளே இருந்தது.

"ரெண்டே சுத்துதான்டா," என்றாள்.

பிறகு சோடாவைப் போட்டதும் பாகு பொங்கியது. அது வழிந்துவிடும் என்று பயந்து இன்னும் நாலு சுற்றுச் சுற்றினாள். எழும்பிய நுரை முழுவதும் படுத்துவிட்டது. ஆறியபின் தட்டில் இருந்தது கம்மர்கட்டைவிடக் கெட்டி, உள்ளே மணல். ஓட்டை ஒன்றுகூட இல்லை. நைனா ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார். செய்தி முடிந்த பிறகும் அது கரையவில்லை. "நல்லாத்தான் கீது," என்றார். அந்த வார்த்தையை அந்த மாதத்தில் நாங்கள் நிறையக் கேட்டோம்.

இரண்டாவது ஈடு சனிக்கிழமை. அதையும் தோல்விக் கணக்கில் சேர்ப்பது தப்பு, ஏனென்றால் அது ஒரு குறையும் இல்லாமல் வந்தது. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து தம்பி செய்து முடித்திருந்தான். பொன் நிறம். விரலால் தட்டினால் மண்பானையைத் தட்டியது மாதிரி சத்தம். நான் ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு இன்னா கெழம?"

புரட்டாசி சனிக்கிழமையில் எங்கள் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போடாமல் யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது. அதுவும் வீட்டுக்குப் புதிதான பண்டமென்றால் கேட்கவே வேண்டாம். டாஃபி மொத்தமும் ஒரு தாம்பாளத்துக்குப் போய், பெருமாள் படத்துக்கு முன்னால் திறந்தபடி உட்கார்ந்தது. அதற்குப் பக்கத்தில் ஆவி பறக்கச் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை, சுண்டல் எல்லாம் வந்து சேர்ந்தன. வெளியே மழை பிடித்துக்கொண்டது. நைனா சந்தைக்குப் போனவர் வரவில்லை. அவர் வராமல் கற்பூரம் ஏற்றக்கூடாது. தம்பி தாம்பாளத்தைப் பார்த்தபடி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"அம்மா, டப்பாவுல போட்டு மூடி வெச்சிடறேன். மத்ததெல்லாம் தெறந்தே இருக்கட்டும்."

"மூடி வெச்சா சாமி எப்படிடா துன்னும்?"

"சாமிக்கு மூடியத் தொறக்கத் தெரியாதா?"

"வாய்க்கொழுப்பு பாரு. வெளிநாட்டுல இதத்தான் கத்துக்கினு வந்தியா?"

கற்பூரம் ஏற்றும்போது டாஃபி வேர்த்திருந்தது. தீர்த்தம் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு துண்டு எடுத்தபோது விரலோடு நூல் நூலாக வந்தது. அம்மா மென்று பார்த்து, "மெத்துனு நல்லாத்தான் கீது," என்றாள். தம்பி கொல்லைப்பக்கம் போய்ச் சும்மா நின்றான்.

அன்று சாயங்காலம் நான் இருவரையும் உட்கார வைத்துப் பேசினேன். ஒரே செய்திக்காக இரண்டு நிருபர்கள் அடித்துக்கொள்ளும்போது ஆபீஸில் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன், அதாவது இருவருக்கும் பிடிக்காத ஒரு முடிவைச் சொன்னேன். டாஃபி மூடிய டப்பாவில் இருக்கும். கற்பூரம் எரியும் நேரம் மட்டும் மூடியைத் திறந்து காட்டிவிட்டு உடனே மூடிவிட வேண்டும். அம்மா யோசித்தாள். "வண்டியில போற சாமிக்குக் கையக் காட்டற மாதிரியா?" என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டாள்.

எனக்கும் மனிதர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சாமி வந்து கேட்கப்போவதில்லை. கேட்டது மற்றவர்கள்.

அடுத்த ஈட்டை தம்பி பெரிய எவர்சில்வர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தான். எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கவேண்டும், யாரும் தொடக்கூடாது என்றான். மறுநாள் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தார். அம்மா டப்பாவைத் திறந்தாள். பக்கத்து வீட்டு அத்தை தயிருக்கு உறை கேட்டு வந்தாள். டப்பா திறந்தது. ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட், வழி தவறி வந்த கல்யாணப் பத்திரிகைக்காரர், மின் மீட்டர் பார்க்கிறவர். எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தவர் வாயில் ஏதாவது போடாமல் திரும்பிப் போக முடியாது. அது அம்மாவின் வழக்கம் மட்டுமல்ல, எங்கள் தெருவின் வழக்கமும்தான். வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு துண்டு வெல்லமாவது கையில் வைப்பார்கள். அலமாரியில் டாஃபி இருக்கும்போது வெல்லத்தை எப்படிக் கொடுப்பது?

தம்பி சாயங்காலம் வந்து டப்பாவைத் திறந்தான். உள்ளே எல்லாம் ஒரே கட்டியாகச் சேர்ந்திருந்தது.

"ஏம்மா, தொடாதன்னு சொன்னேனா இல்லியா?"

"நான் எங்கடா தொட்டேன்? வந்தவங்களுக்குக் குடுத்தேன்."

"வந்தவங்களுக்கு முறுக்கு குடு."

"முறுக்கு அவங்க வூட்லயும்தான் கீது. இது இன்னா புதுசுன்னு கேக்கறாங்க. டப்பாவக் காட்டிட்டு அனுப்பிடறதா?"

"அங்கல்லாம் யாரும் இப்படித் தொறந்துகினே இருக்க மாட்டாங்க."

"அங்க யாரும் யார் வூட்டுக்கும் வர மாட்டாங்கன்னு நீதானடா போன்ல அழுத?"

தம்பி டப்பாவைக் கழுவப் போட்டான். மறுநாள் புது ஈட்டை டப்பாவில் போட்டு, பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை மூடியைச் சுற்றி வரிந்து ஒட்டினான். அதற்கு மறுநாள் கொய்யாப்பழம் விற்கும் பெண் தண்ணீர் கேட்டு வந்தாள். அம்மா டேப்பை அரிவாள்மணையில் வைத்து அறுத்துத் திறந்தாள். அறுத்த பிறகு அதை நேர்த்தியாகத் திரும்பவும் ஒட்டி வைத்தாள் என்பதுதான் எனக்கு அதிகமாக எரிச்சலூட்டியது.

சாக்லேட் வந்த கதையும் இப்படித்தான். பெங்களூரில் மொத்த விலைக்குக் கிடைக்கும் கட்டி சாக்லேட்டை ஒரு நண்பன் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். டிரைவர் அதைப் பத்திரமாக வைக்க வேண்டுமென்று தன் பக்கத்திலேயே, எஞ்சின் மூடியின் மேல் வைத்திருந்தார். பலமனேர் வருவதற்குள் உருகி, பலமனேரில் அவர் காபி குடிக்கும் நேரத்தில் மறுபடி இறுகி, சித்தூரில் இறங்கும்போது கட்டியெல்லாம் வெள்ளைத் தேமல் விழுந்திருந்தது. "எங்க பஸ்ல பத்திரமா வந்திடுச்சு பாருங்க," என்றார். தம்பி நன்றி சொன்னான். வேறு என்ன சொல்வது?

கடைசி ஈட்டை வெள்ளிக்கிழமை விடியற்காலையில், வெயில் ஏறும் முன் செய்தான். சமையலறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டான். அம்மா கதவுக்கு வெளியே மணையைப் போட்டு உட்கார்ந்து, கிண்டு என்றாள். அடுப்பைக் குறை என்றாள். பால்காரர் வந்துவிட்டார், கதவைத் திற என்றாள். அவன் தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாகு ஆறியதும் உடைத்து, உருக்கிய சாக்லேட்டில் ஒவ்வொரு துண்டாக முள்கரண்டியில் முக்கி, காகிதத்தின் மேல் வைத்தான். கதவைத் திறந்ததும் எனக்கு ஒன்று கொடுத்தான். மேலே மெல்லிய கசப்பு, பிறகு பல் பட்டதும் உள்ளே எல்லாச் சுவரும் ஒன்றாக இடிந்து விழும் சத்தம், பிறகு நாக்கில் ஒன்றுமில்லாமல் கரைந்து போகும் இனிப்பு. அத்தனை நாள் அவன் எதற்காகக் கத்திக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை காலை மூவரும் திருப்பதி பஸ் ஏறினோம். அம்மாவை நாங்கள் அழைக்கவில்லை. அவள் புடவை மாற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். பஸ் நகர்ந்ததும் விஷயத்தைச் சொன்னாள். முதல் சரக்கு, நேராகக் கடைக்குப் போகக்கூடாது. திருச்சானூர் கோயிலுக்குப் போய், தாயாரான அம்மாவாருக்குக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

"கடைசி சனிக்கெழம கூட்டத்துல, டப்பாவத் தூக்கிக்கினு கியூவுல நிக்கறதா? அவரு காலையில வைக்கச் சொல்லியிருக்காரும்மா," என்றான் தம்பி.

"அப்ப வேலையும் வேணாம், ஒன்னும் வேணாம். அம்மாவாருக்குக் காட்டாத தொழிலு எங்க வெளங்கும்?"

பஸ்ஸில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து தமிழிலும் தெலுங்கிலும் கருத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் மறுபடி நடுவில் புகுந்தேன். என் பையில் இருந்த சிறிய டப்பாவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நான் அம்மாவைத் திருச்சானூர் கூட்டிப்போகிறேன், தம்பி பெரிய டப்பாவோடு நேராகக் கடைக்குப் போகட்டும் என்றேன்.

ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போய் வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு குழந்தை அழுதது. அம்மா டப்பாவைத் திறந்து அதற்கு ஒன்று கொடுத்தாள். அதன் அண்ணன் பார்த்தான். அவனுக்கு ஒன்று. அவர்கள் அம்மா, அந்த அம்மாவின் ஓரகத்தி, பின்னால் நின்ற கர்னூல்காரர்கள். நாங்கள் கோபுரத்தை நெருங்கும்போது டப்பா காலி.

"அம்மாவாருக்கு இன்னாம்மா காட்டப் போற?" என்றேன்.

"எல்லாம் அவளுக்குப் போய்ச் சேந்திடுச்சு, நட," என்றாள்.

கடைக்கு வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. தம்பி கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். நிலைமை தூரத்திலிருந்தே தெரிந்தது. அது முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் தள்ளு கதவு வைத்த பெட்டி. உள்ளே மஞ்சள் பல்பு. காலையில் சாம்பிராணி காட்டுவதற்காக முதலாளி தள்ளு கதவைத் திறந்திருக்கிறார். புகை எல்லாப் பண்டத்துக்கும் போய்ச் சேர வேண்டுமாம். பிறகு தேங்காய் பன் கேட்டவருக்குத் திறந்தார்கள், பப்ஸ் கேட்டவருக்குத் திறந்தார்கள், பப்ஸ் இன்றைக்குச் செய்ததுதானா என்று கேட்டவருக்கும் திறந்து காட்டினார்கள். தம்பி ஒவ்வொரு முறையும் போய் மூடினான். கடைக்காரர்கள் ஒவ்வொரு முறையும் திறந்தார்கள்.

"ஏம் பாபு," என்றார் முதலாளி, "நீ டாஃபி விக்க வந்தியா, வாட்ச்மேன் வேலைக்கு வந்தியா?"

பிற்பகலில் மழை கொட்டியது. நனைந்த யாத்ரீகர்கள் கடைக்குள் ஒதுங்கினார்கள், மொட்டைத் தலைகளில் சந்தனம் கரைந்து வழிந்தது. கடை முழுக்க ஈரத்துணியின் ஆவி. பல்புக்கு நேர் கீழே இருந்த துண்டுகளில் சாக்லேட் இளகி ஒரு பக்கமாக இறங்கி, உள்ளிருந்த பொன் நிறம் வெளியே தெரிந்தது. சட்டை கிழிந்தாயிற்று. இனிமேல் நடக்கப்போவது எனக்கே தெரியும். தம்பி அதைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

விளக்கு ஏற்றினார்கள். முதலாளி கும்பிட்டுவிட்டு, தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். நாங்கள் மூவரும் காதைக் கொடுத்துக் கேட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. அவர் தாடையை அசைத்தார், பல்லிலிருந்து நாக்கால் எதையோ பிடுங்கினார்.

"சப்தம் ராலேது பாபு," என்றார் வருத்தமாக. சத்தம் வரவில்லை.

"நாளெல்லாம் தொறந்து வெச்சா எப்படி சார் வரும்?"

"கடைன்னா தொறக்கணும் பாபு. மூடியே வெச்சா அது பேங்க் லாக்கர்."

"நானும் இதத்தான் சார் ஒரு மாசமா சொல்லிக்கினு கீறேன்," என்றாள் அம்மா.

நான் அவளைப் பார்த்தேன். தம்பி பார்த்தான். அவள் யார் பக்கம் பேசிவிட்டாள் என்பது அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"சரிம்மா," என்றான் தம்பி. "திங்கக்கெழம ஏஜென்ட்டுக்கு சரின்னு சொல்லிடறேன். நீ எல்லா டப்பாவையும் தொறந்தே வெச்சிக்க."

கத்தியிருந்தால் பரவாயில்லை. அவன் கத்தவில்லை. டப்பாவை எடுத்து மூடியைத் தேடினான். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. சட்டென்று அவள் முதலாளி பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க ஊசிப் போனத துன்னுட்டு சொல்றீங்க. செஞ்ச ஒடனே துன்னணும் சார். அது பொங்கி வரத நீங்க பாக்கலியே. சோடாவப் போட்டா இவ்ளோ ஒசரம் வரும்," என்று தன் மார்புவரை கையைக் காட்டினாள்.

"அவ்ளோ வராதும்மா," என்றான் தம்பி, அலுப்போடு. "பாத்திரத்துல நாலு மடங்கு வரும்."

"நாலு மடங்கா?" என்றார் முதலாளி. "எவ்ளோ நேரத்துல?"

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள."

முதலாளி கடை வாசலைப் பார்த்தார். மழை விட்டிருந்தது. எதிரில் மிளகாய் பஜ்ஜி வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம் எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பெட்டியில வேணாம் பாபு. வாசல்ல அடுப்பு போடறேன். அங்கயே பொங்க வை. ஜனம் நிண்டு பாக்கும். அங்கயே உடை, அங்கயே சாக்லேட்ல முக்கி கையில குடு. டப்பா எதுக்கு, பெட்டி எதுக்கு?"

"சாக்லேட் உறையணும் சார். உறையாம குடுத்தா ஒழுகும்."

"ஒழுகினா நக்கிக்குவாங்க பாபு."

தம்பி அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். நான் முதலாளியிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, அம்மாவை இழுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டில் சித்தூர் பஸ் நிற்கும் இடத்தில்தான் அவன் வாயைத் திறந்தான். திறந்தபின் மூடவில்லை. அது டாஃபியே இல்லை, ஜிலேபி என்றான். உறையாத சாக்லேட்டைக் கையில் கொடுப்பது அசிங்கம் என்றான். பட்டறையில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் பார்த்தால் முகத்திலேயே முழிக்க மாட்டார் என்றான். பஜ்ஜி வண்டிக்கு எதிரில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு நின்றால் ஜுரம் பார்க்கிற டாக்டர் என்று நினைப்பார்கள் என்றான். தெருப்புழுதி, காற்று, மழை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாம் சரிதான். ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. நான் இடம் பிடிக்கக் கைக்குட்டையை ஜன்னல் வழியாகப் போட்டேன்.

"அக்கா," என்றான் தம்பி. "அந்தாளு கடைக்குப் பின்னால அடுப்பு இருந்துதே, எவ்ளோ பெருசுன்னு பாத்தியா?"

"பாக்கல."

"ரெண்டு பர்னரா, ஒன்னா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஏறு, பஸ் கெளம்புது."

"இரு, வந்துடறேன்," என்று காலி டப்பாவை என் கையில் திணித்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

கண்டக்டர் விசில் அடித்தார். ஏறுகிறீர்களா இல்லையா என்று தெலுங்கில் கேட்டார். இல்லை என்றேன். என் கைக்குட்டையோடு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் எப்போது என்று விசாரிக்கும் கவுண்டரில் ஆள் இல்லை. மழைத் தண்ணீர் தேங்கிய தரையில் உட்காரவும் இடமில்லை. காலையிலிருந்து நின்று எனக்குக் கால் கடுத்தது, அன்றைய செய்தி ஒன்றுகூட அனுப்பியிருக்கவில்லை.

"நைனாவுக்கு போன் போடு," என்றாள் அம்மா. "ஏஜென்ட்டுகிட்ட வேணாம்னு சொல்லச் சொல்லு."

"அவன் இன்னும் ஒன்னும் சொல்லலம்மா. சும்மா பாக்கப் போயிருக்கான்."

"அடுப்ப அளக்கப் போனவன் கத்தாருக்கா போவான்? நீ போடு."

நான் போடவில்லை. உறுதியாகாத செய்தியை அனுப்பும் வழக்கம் எனக்கு இல்லை. அடுத்த பஸ்ஸும் வந்து நிரம்பி, எங்களை விட்டுவிட்டுப் போனது. அதற்கும் பிறகுதான் தம்பி வந்தான். முழங்கால்வரை சேறு, கையில் கரி.

"ஒரே பர்னர்," என்றான், என்னமோ நான்தான் அதை அங்கே வைத்த மாதிரி. "அதுவும் தீ ஒரு பக்கமா எரியுது. இதுல எப்படிப் பாகு வெக்கிறது? திங்கக்கெழம வந்து மொதல்ல அதக் கழட்டணும்."